யானைக் கல்லின் நிழலிலே

கண்டியிலிருந்து கலகெதரை, மாவத்தகமை வழியாகக் குருநாகலுக்குச் செல்லும் பஸ் வண்டியில் ஜன்னலோரம் ஓர் ஆசனம் கிடைத்துவிட்டால் அதுவே ஒரு பாக்கியந்தான். வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் மலைநாட்டுக் குளிர்மை மெல்ல மெல்ல விடைபெறும். இறப்பர் மரங்கள் குறைந்து தென்னந்தோப்புகள் தொடங்கும். நிலம் சமதரையாகிவிட்டது என்று நாம் எண்ணும் வேளையில், எவரோ கொண்டுவந்து வைத்தாற்போலப் பெரிய பெரிய கரும்பாறைகள் எழுந்து நிற்கும். அவற்றின் காலடியில், ஒரு குளத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பதுதான் வடமேல் மாகாணத்தின் தலைநகரான குருநாகல்.

இந்த ஊரை நான் பலமுறை கடந்து போயிருக்கிறேன். புத்தளத்துக்குப் போகும்போதும் அநுராதபுரத்துக்குப் போகும்போதும் பஸ் தரிப்பிடத்தில் இறங்கி, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறியதோடு சரி. இலங்கையில் பலருக்கும் குருநாகல் அப்படிப்பட்ட ஊர்தான். கொழும்பு, கண்டி, புத்தளம், தம்புள்ளை ஆகிய நான்கு திக்குப் பாதைகளும் இங்கே சந்திக்கின்றன. எல்லோரும் வருகிறார்கள், எல்லோரும் போய்விடுகிறார்கள்.

இம்முறை அப்படிப் போகமுடியவில்லை. பத்தாம் ஆண்டில் படிக்கும் என் மகளுக்குப் பாடசாலையில் ஓர் ஒப்படை கொடுத்திருந்தார்கள். மாகாணத் தலைநகர் ஒன்றைத் தெரிவுசெய்து அதன் பெயரையும் வரலாற்றையும் எழுத வேண்டுமாம். குருநாகல் மாவட்டத்திலே எங்கள் சாச்சி இருப்பதால் அவள் குருநாகலைத் தெரிவுசெய்தாள். பஸ்ஸில் ஏறியதுமே கேள்வி தொடங்கிவிட்டது.

"உம்மா, குருநாகல் எண்டா என்ன? குருவும் நாகமுமா?"

சிரிப்பு வந்தது. ஆனால் எனக்கும் சரியான விடை தெரிந்திருக்கவில்லை. வீடு திரும்பும்போது தெரிந்திருந்தது. அதனுடன் நான் தேடிப் போகாத வேறு சிலவும் தெரிந்திருந்தன. அவற்றைத்தான் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பெயர் வந்த கதை

சிங்களத்தில் 'குருணே' என்பது கொம்பு நீண்ட யானையைக் குறிக்கும் என்கிறார்கள். 'கல' என்றால் கல், பாறை. ஆக, குருநாகல் என்பது யானைக் கல். நகரத்துக்கு மேலே நிற்கும் மிகப் பெரிய பாறைக்கு 'எத்தாகல' என்று பெயர். 'எத்தா' என்பதும் கொம்பன் யானைதான். பண்டைய நூல்களில் இந்த ஊர் 'ஹஸ்திசைலபுர' எனப்படுகிறது. ஹஸ்தி என்றால் யானை, சைலம் என்றால் மலை. இன்றும் சிங்கள மக்கள் பேச்சு வழக்கில் 'எத்துகல்புர' என்று செல்லமாகச் சொல்வதுண்டு. எந்தப் பெயரைத் திறந்து பார்த்தாலும் உள்ளே ஒரு யானைதான் படுத்திருக்கிறது!

நம் தமிழ் வழக்கிலே 'கல' என்பது 'கல்' ஆகிவிட்டது. இரு மொழியிலும் பொருளும் ஒன்றே, ஓசையும் ஏறக்குறைய ஒன்றே. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாகம் என்ற சொல்லுக்குத் தமிழ் அகராதியில் பாம்பு என்பதோடு யானை என்றும், மலை என்றும் பொருள் இருக்கிறது. மகள் விளையாட்டாகப் பிரித்த பிரிப்பு தவறுதான். ஆனாலும் தற்செயலாக அதற்குள்ளும் யானை புகுந்துகொண்டது.

யானை மட்டுமல்ல. நகரைச் சுற்றி ஆமைக்கல் (இப்பாகல), விலாங்குக்கல் (ஆந்தாகல), முதலைக்கல் (கிம்புலாகல), வண்டுக்கல் (குருமிணியாகல), ஆட்டுக்கல் (எலுகல) என்று ஒரு மந்தையே இருக்கிறது. முன்னொரு காலத்தில் கடும் வரட்சி வந்ததாம். தாகம் தாங்காத மிருகங்கள் எல்லாம் குளத்தை நோக்கி வந்தனவாம். அவை குடித்தால் ஊருக்கு ஒரு சொட்டும் மிஞ்சாது என்று பயந்த மக்களுக்காக ஒரு சூனியக்காரி அவற்றை அப்படியே கல்லாக்கிவிட்டாளாம். கதை அப்படிச் சொல்கிறது. நிலவியல் படித்தவர்களோ, மிகப் பழைய பாறைகளைச் சுற்றியிருந்த மண்ணும் மெல்லிய கல்லும் யுகயுகமாக அரிபட்டுப் போக, எஞ்சி நின்ற வன்பாறைகளே இவை என்கிறார்கள். எப்படியானாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் குருநாகலில் இருந்து பாருங்கள்! பகலெல்லாம் வெயிலைக் குடித்த அந்தக் கற்கள் இரவிலே அதைத் திருப்பித் தருகின்றன. நடுநிசியிலும் அடுப்படியில் இருப்பது போன்ற வெக்கை.

அரசர்கள் இருந்த ஊர்

சிறு நகரந்தான் என்றாலும் குருநாகல் ஒரு காலத்தில் நாட்டின் இராசதானியாக விளங்கியது. இரண்டாம் புவனேகபாகு 1293ஆம் ஆண்டு இங்கிருந்து ஆளத் தொடங்கினான். அவனுக்குப் பின் வந்த நான்காம் பராக்கிரமபாகு (1302 - 1326) கல்வியில் நாட்டமுள்ளவன். பௌத்தர்களின் ஐந்நூற்றைம்பது சாதகக் கதைகள் சிங்களத்துக்கு வந்தது அவன் காலத்தில்தான். 1341 அளவில் அரசு கம்பளைக்குப் பெயர்ந்துவிட்டது. ஏறக்குறைய 50 வருடங்களே இராசதானி. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. பண்டுவஸ்நுவர, தம்பதெனிய, யாப்பகூவ ஆகிய மற்ற மூன்று பழைய இராசதானிகளும் இதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

இவற்றில் யாப்பகூவவோடு நமக்கு ஒரு தொடர்பு உண்டு. அங்கிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு 1283ஆம் ஆண்டு எகிப்தின் மம்லூக் சுல்தான் கலாவூனுக்கு ஒரு தூது அனுப்பினான். வியாபாரத் தொடர்பு வேண்டும் என்பதே கோரிக்கை. தூது போனவர் ஹாஜி அபூ உஸ்மான் என்ற ஒரு முஸ்லிம். கொண்டுபோன கடிதத்தைக் கெய்ரோவில் ஒருவராலும் வாசிக்க முடியவில்லை என்றும், தூதரே அதன் செய்தியை வாயால் எடுத்துச் சொன்னார் என்றும் எகிப்தியர் எழுதிவைத்திருக்கிறார்கள். 700 வருடங்களுக்கு மேலான பழைமை இது! தன் நாட்டின் வார்த்தையை இன்னொரு நாட்டின் அரசவையில் சொல்ல, ஒரு சிங்கள மன்னன் ஒரு முஸ்லிமின் நாவை நம்பியிருக்கிறான்.

இப்னு பதூதா கண்ட ஊர்

1344ஆம் ஆண்டு உலகப் பயணி இப்னு பதூதா இலங்கைக்கு வந்தார். பாவாத மலைக்குச் செல்லும் வழியில் 'குனகார்' என்ற ஊரைக் கண்டதாக எழுதுகிறார். இரண்டு மலைகளுக்கிடையே, ஒரு நீர்நிலையின் ஓரத்தில் அமைந்த தலைநகரமாம். குனகார் என்பது குருநாகலே என்று ஆய்வாளர் சிலர் கூறுகின்றனர். மாணிக்கக் கற்கள் பற்றிய குறிப்பு அங்கே வருவதால் இரத்தினபுரியாக இருக்கலாம் என்பாரும் உளர். பெயரின் ஓசை குருநாகலின் பக்கம் நிற்கிறது. மாணிக்கம் இரத்தினபுரியின் பக்கம் நிற்கிறது. அந்த ஊர் மன்னனிடம் ஒரு வெள்ளை யானை இருந்ததாகவும், விழா நாட்களில் அதன் நெற்றியில் பெரிய மாணிக்கங்களைக் கட்டுவார்கள் என்றும் அவர் சொல்வதை வாசித்தபோது, "உம்மா, யானை இருக்கே, அப்ப இது குருநாகல்தான்" என்று மகள் தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

அவர் சொல்லும் இன்னொரு செய்தி என்னைச் சிந்திக்க வைத்தது. அந்த நகருக்கு வெளியே ஷீராஸ் நகரத்து ஷெய்கு உஸ்மான் என்பவரின் பள்ளிவாசல் இருந்ததாம். மன்னனும் ஊராரும் அவரை மதித்து வந்து பார்ப்பார்களாம். பாவாத மலைக்குப் போவோருக்கு வழிகாட்டியும் அவர்தான். ஆனால் ஒருமுறை அவர் பசு ஒன்றை அறுத்துவிட்டார். அந்நாட்டுச் சட்டப்படி அதற்கு மரண தண்டனை. அவர் மேலிருந்த மதிப்பினால் உயிரை விட்டுவைத்து, ஒரு கையையும் ஒரு காலையும் வெட்டினார்களாம். அதே வேளை ஒரு சந்தையின் வருமானத்தையும் அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தார்களாம்.

மதிப்பும் தண்டனையும் ஒரே கையால் வழங்கப்பட்ட இந்தச் செய்தியை நாம் எப்படி எடுத்துக்கொள்வது? ஒன்று மட்டும் தெரிகிறது. பிற சமூகத்தோடு சேர்ந்து வாழ்வதென்பது அன்றும் இலகுவாக இருக்கவில்லை. அயலவருக்கு எது புனிதம், எது வேதனை என்று அறிந்து நடக்கும் பொறுப்பு அன்றும் நமக்கு இருந்தது.

பெயரில்லாத ஒரு தாய்

எத்தாகலையில் ஏறும்போது அங்கு வந்திருந்த ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு, "வத்ஹிமி குமாரயாவின் கதை தெரியுமா? அவர் உங்கள் ஆளல்லவா!" என்றார். மகளின் கண்கள் விரிந்தன.

கதை இதுதான். புவனேகபாகு என்ற பெயருள்ள மன்னன் ஒருவனுக்கு ஒரு முஸ்லிம் மனைவி இருந்தாள். அஸ்வெத்தும எனும் ஊரைச் சேர்ந்தவள் என்பது வழக்கு. அவளுக்குப் பிறந்தவனே வத்ஹிமி. தகப்பனுக்குப் பின் அவனே அரசனானான். தாய் வேற்று மதத்தவள் என்பதால் பிரதானிகள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எத்தாகலையின் உச்சியில் பிரித் ஓதும் வைபவம் ஒன்றை ஏற்பாடு செய்து, செங்குத்தான விளிம்பிலே ஒரு மேடை அமைத்து, அரசனை அதில் இருத்தினார்கள். மேடை சரிந்தது. அரசன் பாறையிலிருந்து விழுந்து மாண்டான்.

அரச வரலாற்று நூல்கள் இதை இப்படி விவரிக்கவில்லை. மூன்றாம் புவனேகபாகுவே (1326 - 1335) இந்த வத்ஹிமி என்று சிலர் கருதுகின்றனர். 'குருணேகல விஸ்தரய' எனும் சிங்கள நூலும் ஊர் மக்களின் நாவுமே இக்கதையைக் காத்து வந்திருக்கின்றன. அதற்குப் பிறகு நடந்ததுதான் வியப்பு. கொல்லப்பட்ட அரசனை மக்கள் மறக்கவில்லை. 'கலே பண்டார', அதாவது கல்லின் பிரபு, என்று பெயர் சூட்டி வணங்கத் தொடங்கினார்கள். அவர் பெயரால் குருநாகலில் ஒரு வணக்கத்தலம் இன்றும் இருக்கிறது. பௌத்தர்களோடு முஸ்லிம்கள் சிலரும் அங்கு போய்வந்த காலம் உண்டு.

இறந்தவரிடம் எதையும் கேட்பது நம் மார்க்கம் அல்ல. தேவைகளை அல்லாஹ்விடம் மட்டுமே கேட்கிறோம். அதில் நமக்குத் தெளிவு வேண்டும். ஆனால் ஒரு முஸ்லிம் தாயின் வயிற்றில் பிறந்தவனை, அந்தக் காரணத்துக்காகவே கொன்றுவிட்டு, பின்னர் மனச்சாட்சி உறுத்தி நூற்றாண்டுக் கணக்காக நினைவு வைத்திருக்கும் ஓர் ஊரின் மனசை நாம் அறிந்திருப்பதில் தவறில்லை.

மகள் குறிப்புப் புத்தகத்தை எடுத்தாள். மன்னன் பெயர் எழுதினாள். மகன் பெயர் எழுதினாள். பின்னர் நிமிர்ந்து, "உம்மாட பேரென்ன?" என்று கேட்டாள். அந்த ஆசிரியருக்குத் தெரியவில்லை. நான் பின்னர் வாசித்தவற்றிலும் கிடைக்கவில்லை. 'முஸ்லிம் பெண்' என்பதோடு கதை அவளை விட்டுவிடுகிறது. மகனின் அரசு பறிபோனதற்கு அவளே காரணம் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு அவள் பெயரைச் சொல்லத் தெரியவில்லை.

உச்சியிலிருந்து

எத்தாகலையின் உச்சிக்கு வாகனம் போகும் பாதை உண்டு. 2003ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட 88 அடி உயரமான வெண்ணிறப் புத்தர் சிலை அங்கே இருக்கிறது. ஊரின் எந்த மூலையில் நின்றாலும் அது தெரியும். மேலிருந்து பார்த்தால் குளமும், மணிக்கூட்டுக் கோபுரமும், புகையிரதப் பாதையும், அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தென்னையும் தெரியும். 1894ஆம் ஆண்டு பொல்காவலையிலிருந்து இங்கு புகையிரதம் வந்தது. 2022 ஜனவரியில் மீரிகமவிலிருந்து அதிவேகப் பாதையும் வந்துவிட்டது. தேங்காயும் நெல்லும் கொண்டுவருவோர், பெரியாஸ்பத்திரிக்கு வருவோர், கந்தோர் காரியமாக வருவோர் என்று பகலில் நிறைந்து வழிந்து, மாலையானதும் அடங்கிவிடுகிற ஊர் இது.

கீழே ஓர் இடத்தைக் காட்டி அந்த ஆசிரியர் பெருமூச்சு விட்டார். இரண்டாம் புவனேகபாகுவின் அரசவை மண்டபம் என்று கருதப்பட்ட பழைய கட்டிடம் ஒன்று அங்கே இருந்தது. 2020 ஜூலையில் அது இடிக்கப்பட்டது. நாடே அதைப் பற்றிப் பேசியது. "கல் எழுநூறு வருடம் நிற்கும். மனிதன் ஓர் இரவு போதும் என்கிறான்" என்றார் அவர்.

சாச்சியின் தையல் மெஷின்

அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு வேறோர் இரவின் நினைவு வந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட கொடியவர்கள் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வைத்து 250க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தார்கள். அடுத்த மாதம் 13ஆம் திகதி, நோன்பு காலத்திலே, கொட்டம்பிட்டிய, ஹெட்டிப்பொல, கினியம என்று இந்த மாவட்டத்து முஸ்லிம் ஊர்கள் பல தாக்கப்பட்டன. அக்குற்றத்தில் எந்தப் பங்கும் இல்லாதவர்களின் பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் எரிந்தன.

எங்கள் சாச்சியும் பெண்பிள்ளைகளும் அன்றிரவு தென்னந்தோப்புக்குள் பதுங்கியிருந்தார்கள். விடிந்து வந்து பார்த்தபோது முன்னறை கரியாகிக் கிடந்தது. அவர் ஊரிலே சீருடை தைத்துக் கொடுப்பவர். மெஷின் போய்விட்டது. அதனோடு அயற்கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளின் வெள்ளைத் துணிகளும் போய்விட்டன.

"அதெல்லாம் பரவாயில்ல மகள்" என்றார் சாச்சி, எங்களுக்குச் சோறு போட்டபடியே. "தோப்புக்குள்ள இருந்து பாக்கக்கொள்ள, நெருப்பு வெளிச்சத்தில ஒரு பொடியன்ட சட்டை தெரிஞ்சது. அது நான் தச்ச சட்ட."

எங்களுக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

சற்றுப் பொறுத்து அவரே தொடர்ந்தார். ஒரு கிழமை கழித்துத் துணி கொடுத்திருந்த தாய்மார் வந்தார்களாம். நட்டஈடு கேட்கத்தான் வருகிறார்கள் என்று சாச்சி பயந்தாராம். ஒருவரும் கேட்கவில்லை. ஒருத்தி மாத்திரம் புதிதாக இரண்டரை யார் துணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "மெஷின் வந்த பிறகு தையுங்கள் அக்கே, அவசரமில்லை" என்று சொல்லிப் போனாளாம். "அந்தத் துணி இருக்கெண்டதுக்காகவே மெஷின் ஒண்டு வாங்கினேன்" என்றார் சாச்சி. அது சமையலறைக்கு அடுத்த அறையில் இருக்கிறது. நாங்கள் போன அன்றும் அதில் ஒரு வெள்ளைக் கவுண் பாதி தைத்தபடி இருந்தது.

சகோதரிகளே, இதயங்கள் கல்லைவிடக் கடினமாகிவிடுவதுண்டு என்றும், கற்களிலோ நீர் பீறிட்டுப் பாய்பவை உண்டு என்றும் அல்குர்ஆன் நமக்கு உணர்த்துகிறது. கல்லின் பெயரைச் சூடிய இந்த ஊரில் இரண்டையும் கண்டுவிட்டு வந்தேன்.

ஊரை அறிவோம்

நம்மில் பலருக்கு நாம் வாழும் ஊரின் பெயருக்குப் பொருள் தெரியாது. "நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?" என்று யாராவது கேட்டால் நம் பிள்ளைகள் திகைத்து நிற்பது அதனால்தான். இந்நாட்டு மன்னனின் தூதராக ஒரு முஸ்லிம் எகிப்துக்குப் போன கதையும், யானைக் கல்லின் அடியில் நம் தாயொருத்தி ஓர் அரசனைப் பெற்றாள் என்று சிங்கள மக்களே சொல்லும் கதையும் தெரிந்த பிள்ளை திகைக்காது; சண்டைக்கும் போகாது. "இந்த ஊரிலிருந்துதான்" என்று அமைதியாகச் சொல்லும்.

மாமியிடம், உம்மம்மாவிடம், மூத்தம்மாவிடம் கேளுங்கள். ஊரின் பெயர் எப்படி வந்தது, பள்ளிவாசலுக்குக் காணி கொடுத்தவர் யார், கிணறு வெட்டியவர் யார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். அதில் பெண்களின் பெயர்களையும் எழுதுங்கள். நாம் எழுதாவிட்டால் நம் பேரப்பிள்ளைகளுக்கு நாமும் 'ஒரு முஸ்லிம் பெண்' மட்டுமே.

மகளின் ஒப்படைக்கு நல்ல புள்ளி கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். அதில் அரச பரம்பரையை ஓர் அட்டவணையாக வரைந்திருந்தாள். வத்ஹிமியின் தாய்க்கு நேரே ஒரு கட்டம் கீறி, அதை வெறுமையாக விட்டிருந்தாள். விடுபட்டுவிட்டதோ என்று ஆசிரியை கேட்டாராம்.

"இல்ல டீச்சர், எழுதாம விட்டது நானில்ல" என்று சொன்னாளாம்.